ஈ-ஸ்போர்ட்ஸ் கோச் ரசிகர்களிடம் எதை, எப்போது, எங்கே பேசலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. வடசென்னையில் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கத்துப் பசங்க ஐந்து பேர் சேர்ந்த பிஜிஎம்ஐ டீம் (பிஜிஎம்ஐ என்பது பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு; மேப்பில் இறங்கிச் சுட்டுக்கொண்டு, கடைசிவரை நிற்கும் டீம் ஜெயிக்கும்). கேட்டவர் அதன் கோச். லைவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏரியாக்காரர்கள். போன தகுதிச் சுற்றில் தோற்றதும் சாட்டில் ஒரு பிளேயரை மட்டும் பிடித்துக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். கோச் பொறுக்காமல் உள்ளே போய் பதில் சொல்ல, சண்டை பெரிதாகிவிட்டது. அந்த வேகத்தில் அடுத்த வாரம் மிராமார் மேப்பில் எங்கே இறங்கப் போகிறோம் என்பதும் வாயிலிருந்து வந்துவிட்டது. இனிமேல் ரசிகர்களிடம் பேசவே வேண்டாமா, பேசினால் எங்கே, எவ்வளவு என்று கேட்கிறார்.

பேசத்தான் வேண்டும். கோச் வாயை மூடிக்கொண்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு பேச வேண்டும்: ரசிகருக்கென்று நீங்கள் எழுதும் வரியை முதலில் படிப்பவர் ரசிகர் இல்லை. எதிர் டீம்தான் முதலில் படிக்கும். அடுத்து உங்கள் சொந்தப் பிளேயர் படிப்பார், அதுவும் ராத்திரி 1 மணிக்குத் தனியாக போனைப் பார்த்துக்கொண்டு. மூன்றாவதாக அவன் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ யாரோ ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். ரசிகர் நான்காவது. இந்த வரிசையில் ஒவ்வொருவரும் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு அனுப்பினால் பாதிப் பிரச்சினை வராது.

எதிர் டீம் ஏன் முதலில்? பிஜிஎம்ஐ லாபியில் (ஒரே மேட்ச்சில் சேர்ந்து ஆடும் கூட்டம்) 16 டீம், டீமுக்கு 4 பேர். பெரிய டீம்கள் எங்கே இறங்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மிராமார் ஊர்களில் பெக்காடோ யாருக்கு, லாஸ் லியோனஸ் யாருக்கு என்று எழுதப்படாத பட்டாவே உண்டு. நீங்கள் புது இடம் பிடிக்கப் போவதாகச் சொன்னால், அந்த இடத்துக்காரர் அன்றைக்கு வேகமான வண்டியை எடுத்துக்கொண்டு உங்களுக்காகவே காத்திருப்பார். முதல் சோன் (ஆடக்கூடிய வட்டம்) சுருங்குவதற்குள் இரண்டு பேர் காலி. அதோடு அந்த மேட்ச்சும் முடிந்தது. ஒரு கோபமான பதிலுக்கு அது ரொம்ப அதிக விலை.

அதனால் தகவலை இரண்டாகப் பிரியுங்கள். ஒளிபரப்பில் ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்டது ஒரு வகை. எங்கே இறங்கினோம், எந்த வழியாகச் சோனுக்குள் போனோம், எந்த இடத்தில் மாட்டினோம் என்பதெல்லாம் இதில் சேரும். அன்றைய மேட்ச்சுகள் எல்லாம் முடிந்தபின் இதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். வீடியோவில் இருப்பதை மறைத்து என்ன பயன்? இன்னும் யாருக்கும் தெரியாதது மற்ற வகை. அடுத்த டிராப் (இறங்கும் இடம்), பழகிக்கொண்டிருக்கும் புது ரொட்டேஷன் (சோனுக்குள் நகரும் வழி), யாரைச் சோதித்துப் பார்க்கிறோம், யாருக்குக் கை வலி, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது. இதில் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. இடையில் சிக்கும் கேள்விதான் தொல்லை: “இதே பிளானைத்தான் தொடரப் போறீங்களா?” கேட்கும்போது பழைய மேட்ச்சைப் பற்றிய கேள்வி மாதிரியே இருக்கும். பதில் சொன்னால் அடுத்த மேட்ச் வெளியே போய்விடும்.

ஸ்க்ரிம் (பயிற்சி மேட்ச்) முடிவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறைய பேர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். “நேத்து ஸ்க்ரிம்ல அந்த டீமை வெச்சு செஞ்சோம்” என்று சாட்டில் ஒரு வரி போட்டால் ரசிகர்களுக்குக் கெத்தாக இருக்கும். ஆனால் ஸ்க்ரிம் என்பது டீம்கள் ஒருவரையொருவர் நம்பி, புதுசை முயன்று பார்க்கும் இடம். அங்கே நடந்ததை வெளியே சொல்கிற டீமை அடுத்த லாபியில் சேர்க்க மாட்டார்கள். நல்ல ஸ்க்ரிம் லாபி நடத்துபவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு லாபியில் கெட்ட பெயர் எடுத்தால் மூன்று லாபியில் இடம் போகும்.

மேட்ச் நடக்கும்போது கோச் ரசிகர்களிடம் பேசுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: பேசவே கூடாது. சாட்டைத் திறந்தும் வைத்திருக்கக் கூடாது. இது கட்டுப்பாட்டுக்காகச் சொல்வதில்லை, சந்தேகத்துக்காக. ஆட்டத்தின் நடுவே கோச் என்ன செய்யலாம் என்பதில் ஈ-ஸ்போர்ட்ஸ் சூடுபட்ட விளையாட்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமின் மேஜர் எனும் பெரிய போட்டிகளில் கோச் வார்ம்-அப், பாதி இடைவேளை, 30 விநாடி டைம்-அவுட் நான்கு ஆகியவற்றில் மட்டும்தான் பேசலாம் என்று அந்த கேமின் நிறுவனமான வால்வ் 2016-இல் கட்டிவைத்தது. 2020-இல், அதே கேமில் இருந்த ஒரு மென்பொருள் பிழையைப் பயன்படுத்தி வரைபடத்தின் வேறு மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக 37 கோச்சுகளுக்குத் தடை விழுந்தது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் பிக்-பேன் (கதாபாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும், தடுக்கும் கட்டம்) முடிந்ததும் கோச் மேடையை விட்டு இறங்கிவிடுவது நெடுநாள் வழக்கம். இப்படி வந்த உலகத்தில், ஆன்லைன் தகுதிச் சுற்றின் நான்காவது மேட்ச் ஓடும்போது கோச் யூடியூப் சாட்டில் “வெயிட் பண்ணுங்க தம்பி, சம்பவம் இருக்கு” என்று எழுதினால் எதிர் டீம் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டி நடத்துபவருக்கு அனுப்பும். கோச் ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாரா, பார்த்ததைப் பசங்களிடம் சொல்கிறாரா என்ற கேள்வி வரும். நீங்கள் எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் சொல்லவில்லை என்று நிரூபிப்பது எப்படி?

வியாசர்பாடி, கொடுங்கையூர் வீடுகளில் இது கூடுதல் சிக்கல். பெரும்பாலும் ஒரே ரூம், ஒரே ரூட்டர், நாலு பசங்களும் கோச்சும் தம்பி ஒருவனும் அதே இடத்தில். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேறு டீமின் லைவைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், அது கோஸ்டிங்தான், அதாவது லைவைப் பார்த்து எதிரி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும் ஏமாற்று. விளையாடும் அறையில் எந்த லைவும் ஓடக் கூடாது என்று விதி போடுங்கள். கோச் போன் உட்பட எல்லா உபரி போனும் வெளி அறையில். வீட்டில் வெளி அறை இல்லையென்றால் அலமாரிக்குள்.

அப்படியானால் மேட்ச் நேரத்தில் சாட்டை யார் பார்ப்பது? மாடரேட்டர்கள். இரண்டு பேர் குறைந்தபட்சம், மூன்று பேர் நல்லது, பிளேயர்களின் நெருங்கிய நண்பர்களாக இல்லாமல். நண்பன் மாடரேட்டரானால் தன் ஆளைத் திட்டியவனை உடனே தூக்கிவிடுவான், மற்றவனைத் திட்டினால் சிரிப்பான். ரசிகர்கள் அதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கோச் தானே மாடரேட்டராக இருப்பது அதைவிட மோசம். தன்னைக் கேள்வி கேட்டவனைத் தானே தூக்கினார் என்று ஆகும்.

டீம் சொந்தமாக லைவ் போட்டால் டிலே (ஒளிபரப்பைத் தாமதப்படுத்துவது) அவசியம். எத்தனை நிமிடம் என்பது அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் இருக்கும். சில போட்டிகளில் பிளேயர் லைவே கூடாது. யூடியூப் ஸ்டுடியோவில் கிடைக்கும் டிலே 30 அல்லது 60 விநாடி மட்டும். ஒரு சோனுக்குள் ஒரே வீட்டில் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்டத்துக்கு 60 விநாடி ஒன்றுமே இல்லை. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு வந்து கிரனேட் போட நேரம் தாராளம். ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்ட்ரீம் டிலே இருக்கிறது, அங்கே விநாடிக் கணக்கில் வேண்டியதைப் போடலாம். டிலே ஆகும் வீடியோ கணினியின் ராமில்தான் தங்கும்: நொடிக்கு 6 மெகாபிட் வீதம் அனுப்பினால் 5 நிமிடத்துக்கு ஏறத்தாழ 225 எம்பி. 8 ஜிபி மெஷினில்கூடத் தாங்கும்.

டிலே போட்டதும் ஒரு விநோதம் நடக்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை. வீடியோதான் தாமதமாகும், சாட் தாமதமாகாது. உங்கள் லைவில் பசங்க இன்னும் மூன்றாவது சோனில் உயிரோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். வேறு எங்கேயோ பார்த்துவிட்டு வந்த ஒருவன் “முடிஞ்சுது, 12வது இடம்” என்று எழுதிவிடுவான். அதைப் படித்து மற்றவர்கள் காண்டாகி, சாட் முழுக்கத் திட்டு. இன்னும் ஆபத்து, எதிர் டீம் இருக்கும் இடத்தை ஒருவன் நல்லெண்ணத்தில் எழுதுவது. அதனால்தான் சாட் எந்தப் பிளேயரின் கண்ணிலும் படக் கூடாது. மேட்ச் நாட்களில் ஸ்லோ மோட் போட்டு, ஒருவர் எத்தனை விநாடிக்கு ஒரு முறை எழுதலாம் என்று கட்டுப்படுத்துங்கள். சாதாரண நாளில் 10 விநாடி போதும், தகுதிச் சுற்று நாளில் 60 வரை ஏற்றலாம்.

மேட்ச்சுக்குள் நுழையத் தேவையான கஸ்டம் ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் திரையில் தெரியும் இரண்டு விநாடி இன்னொரு ஓட்டை. யாராவது பார்த்து உள்ளே நுழைந்து உங்கள் ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், நடத்துபவர் லாபியை மூடித் திரும்பத் திறக்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் வெறும் லோகோ மட்டும் காட்டும் ஒரு சீன் செய்து, எல்லோரும் விமானத்தில் ஏறும் வரை அதிலேயே வைத்திருங்கள். ஐபி முகவரி தெரியும் எதையும் காட்டாதீர்கள். தென்கொரியாவின் எல்சிகே (லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் லீக்) போட்டிகளே 2024 பிப்ரவரியில் டிடாஸ் தாக்குதலில் (இணைய இணைப்பை வெள்ளமாக நிரப்பி முடக்குவது) திணறி, ரசிகர்கள் இல்லாமல் முன்பே பதிவுசெய்து ஒளிபரப்பும் நிலைக்குப் போயின.

எங்கே பேசுவது என்பதற்கு வருவோம். நம் பக்கம் ரசிகர்கள் டிஸ்கார்டில் (கேமர்கள் கூடிப் பேசும் ஆப்) இருப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் யூடியூபிலும்தான் இருக்கிறார்கள். அதனால் எல்லோரும் செய்வது வாட்ஸ்அப் குரூப். அதைத்தான் முதலில் மூடச் சொல்வேன். குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம், அத்தனை பேருக்கும் அத்தனை பேருடைய நம்பரும் தெரியும். உங்கள் ரசிகர்களில் பள்ளிப் பசங்களும் பெண் பிள்ளைகளும் உண்டு. ஒரு குரூப்பில் சேர்ந்ததற்காக ஒரு பெண்ணுக்கு ராத்திரி தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால் அதற்கு டீம்தான் பொறுப்பு. வாட்ஸ்அப் சேனல் வேறு; நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது, நீங்கள் மட்டும் பேசலாம், அவர்கள் ரியாக்ஷன் போடலாம். அறிவிப்பு எல்லாம் அங்கே. கேள்வி-பதில் யூடியூப் லைவில். தீவிரமாக ஆட்டத்தை அலசும் ஐம்பது, அறுபது பேருக்கு மட்டும் டிஸ்கார்ட். அதிலும் ஒவ்வொரு கேள்விக்கும் தனி இழை ஓடும் ஃபோரம் சேனல் வையுங்கள், பொதுச் சாட்டில் நல்ல கேள்வி ஒரு நிமிடத்தில் மேலே போய் மறைந்துவிடும். டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13 என்பதை மாடரேட்டர்களிடம் சொல்லிவையுங்கள்.

கெட்ட வார்த்தை வடிகட்டி பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூடியூபில் தடுக்கப்பட்ட சொற்கள் பட்டியல், டிஸ்கார்டில் ஆட்டோமாட். இரண்டுக்கும் தமிழ்க் கெட்ட வார்த்தை தெரியாது, நீங்கள்தான் ஊட்ட வேண்டும். ஒரே சொல்லை நம் பசங்க தமிழ் எழுத்தில் ஒரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாகவும் எழுதுவார்கள்; உயிரெழுத்தை விட்டுவிட்டு, நடுவில் எண்ணைப் போட்டு, புள்ளி வைத்து. மாடரேட்டர்கள் ஒரு மாதம் வரும் திட்டுகளை அப்படியே சேர்த்துப் பட்டியல் போட்டால்தான் சரியாக வரும். சொல்லின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்துத் தடுத்தால் நல்ல சொற்களும் மாட்டும், அதனால் முழுச்சொல்லாகக் கொடுங்கள்.

ஆனால் வடசென்னையில் கெட்ட வார்த்தையைவிட மோசமாகக் குத்துவது ஏரியாப் பெயர். “ஹவுசிங் போர்டு”, “குப்பம்”, “அந்த லைன் பசங்க” என்பவை ஒரு வாயில் முகவரி, இன்னொரு வாயில் சாதியையும் வறுமையையும் சேர்த்து எறியும் கல். இந்தச் சொற்களைத் தடைப் பட்டியலில் போட்டால் “அண்ணா நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுலேர்ந்து பாக்குறேன்” என்று ஆசையாக எழுதும் பையனின் வாயை அடைத்ததாக ஆகும். அவன்தான் உங்கள் முதல் ரசிகன். ஆகவே இவற்றைத் தானாக அழிக்க விடாதீர்கள். மாடரேட்டருக்கு எச்சரிக்கை மட்டும் வரும்படி வைத்து, ஆள் படித்துப் பார்த்து முடிவெடுக்கட்டும். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் எச்சரிக்கையும் வேண்டாம், இரண்டாவது வாய்ப்பும் வேண்டாம். நேராக வெளியே. ஆட்டத்தைத் திட்டினால்? விட்டுவிடுங்கள். “இது ஒரு ரொட்டேஷனா, மானம் போச்சு” என்பது ரசிகரின் உரிமை. அதையும் அழிக்கும் டீம் சீக்கிரமே காலி சாட்டைத்தான் பார்க்கும்.

இனி தோற்ற நாள். மேட்ச் முடிந்ததும் எழுதாதீர்கள். முதலில் பசங்களோடு பேசுங்கள், பத்து நிமிடமாவது. பிறகு, 45 நிமிடத்துக்குள் ஒரே ஒரு அறிவிப்பு. அதற்கு மேல் தாமதமானால் ஏரியாவில் வேறு கதை ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் ஆறு மேட்ச் ஆடி 12, 3, 15, 7, 1, 16 ஆகிய இடங்களில் முடித்ததாக வைத்துக்கொள்வோம். இடத்துக்கான பாயின்ட் முதல் எட்டுக்கு 10, 6, 5, 4, 3, 2, 1, 1 என்ற கணக்கில் 16. ஃபினிஷ்கள் (வீழ்த்திய எதிரிகள், தலைக்கு ஒரு பாயின்ட்) முறையே 2, 6, 1, 4, 11, 0 என்றால் 24. மொத்தம் 40. இதை வைத்து இப்படி எழுதலாம்:

“இன்னிக்கு 6 மேட்ச், 40 பாயின்ட். 2வது, 5வது மேட்ச்லயே 32 வந்துடுச்சு. மீதி நாலுலயும் சேத்து 8 தான். மூணு மேட்ச்ல டாப் 8க்கு முன்னாடியே அவுட். சோனுக்குள்ள லேட்டா போற பிளான் நான் போட்டது, இன்னிக்கு அது வேலைக்கு ஆகல. பசங்களோட உக்காந்து பாத்துட்டு இருக்கோம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் 7 மணிக்கு லைவ்ல கேளுங்க, பதில் சொல்றேன்.”

இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். எண்கள் எல்லாம் ஸ்கோர்போர்டில் உள்ளவை, ஆனால் ரசிகர் தானாகப் பார்க்காத கோணத்தில் அடுக்கப்பட்டவை: தோல்வி ஒரு ஆளால் வந்ததல்ல, மூன்று மேட்ச்சில் சீக்கிரம் வெளியேறியதால் வந்தது. பிளான் என்னுடையது என்று கோச் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிளானை மாற்றுவாரா இல்லையா என்பது இல்லை. யார் பெயரும் இல்லை. திட்டித் தீர்க்க ஒரு நாளும் நேரமும் கொடுத்தாகிவிட்டது. “இப்பவே பதில் சொல்லு” என்று கேட்பவனிடம் மாடரேட்டர் அந்த நேரத்தைக் காட்டினால் போதும்.

இதற்கு நேர் எதிரான அறிவிப்பும் ஒன்று அடிக்கடி கண்ணில் படும்: “நாங்க நல்லாத்தான் ஆடினோம், லக் இல்ல. ஒருத்தர் சொன்னதைக் கேக்கல, அதான்.” அந்த “ஒருத்தர்” என்ற சொல் போதும். ரசிகர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அந்த ஒருத்தரைக் கண்டுபிடிப்பார்கள், பாதி நேரம் தப்பான ஆளை. அவன் இன்ஸ்டாவுக்கு ராத்திரி முழுக்கத் திட்டு போகும். மறுநாள் ஸ்க்ரிம்மில் அவன் சண்டை போட வேண்டிய இடத்தில் பின்வாங்குவான், ஏனென்றால் செத்தால் கிளிப் போடுவார்கள் என்ற பயம் உள்ளே போய்விட்டது. கேள்வி கேட்டவர் டீமில் இப்போது இதுதான் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பையனுக்காகச் சாட்டில் போய்ச் சண்டை போட்டது அவனுக்கு உதவவில்லை. அவன் பெயரை இன்னும் இரண்டு நாள் மேலே வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பிளேயரை மாற்றும்போது சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் அந்தப் பையனிடம் நேரில். 18 வயது ஆகாதவன் என்றால் அதே நாளில் வீட்டில். பிறகு மற்ற பிளேயர்கள். அதற்கடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரசிகர்கள். கடைசி இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் விஷயம் கசிந்துவிடும். ஏரியாவில் ரகசியம் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குத்தான் தாங்கும். அறிவிப்பில் காரணம் சொல்ல வேண்டாம். “இந்த சீசனுக்கு இவர் மெயின் ஃபோர்ல இல்ல, புதுசா வர்றவர் இவர். இதுவரைக்கும் ஆடினதுக்கு நன்றி” என்று நிறுத்துங்கள். “பரஸ்பரச் சம்மதத்துடன்” என்றெல்லாம் எழுதினால் யாரும் நம்புவதில்லை.

வாராந்திரக் கேள்வி-பதில் லைவ் 40 நிமிடம் போதும், ஒரு மணியைத் தாண்டினால் கட்டுப்பாடு போய்விடும். கேள்விகளை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். மாடரேட்டர் எட்டு எடுக்கட்டும். அதில் குறைந்தது இரண்டு கடுமையானதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இதைச் செட்டப் என்பார்கள். ஒரு கேள்விக்கு ஒளிபரப்பிலிருந்து இரண்டு நிமிடக் கிளிப், வரைபடத்தின் மேல் கோடு போட்டு விளக்கம். வாய்ப்பேச்சைவிட அந்தக் கோடு ரசிகர்களை அமைதியாக்கும். “யாஸ்னயா பக்கம் கார் எடுத்துட்டுப் போயிருக்கலாமே” என்று (எரங்கல் மேப்பின் ஓர் ஊரைச் சொல்லி) கேட்டவனுக்கு, அந்த நேரத்தில் அந்த வழியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று காட்டினால் அவனே அடுத்த வாரம் மற்றவர்களுக்கு விளக்குவான்.

“அவனைத் தூக்குங்க” என்று வரும் கேள்விக்கு ஒரே பதில்: எந்த மேட்ச், எந்த சோன், என்ன செய்திருக்க வேண்டும்? மூன்றும் சொன்னவருக்கு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பதில் கொடுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். சொல்லாதவரைக் கடந்துவிடுங்கள். இப்படிக் குறிப்பாகக் கேட்கும் ரசிகர்கள் நாலைந்து பேர் கிடைத்தால் அவர்கள் பொக்கிஷம். பொது ஒளிபரப்பைப் பார்த்து 16 டீமும் எந்த மேட்ச்சில் எங்கே இறங்கியது என்று ஒரு ஷீட்டில் நிரப்பச் சொல்லுங்கள். வெளிப்படையான தகவல், யாருக்கும் துரோகம் இல்லை. சிறிய டீமுக்குத் தனி அனலிஸ்ட் வைக்க முடியாத குறையை அது கொஞ்சம் தீர்க்கும். நிரம்பிய ஷீட்டை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

தனி மெசேஜ் விஷயத்தில் கறாராக இருங்கள். வயதில் சிறிய ரசிகர்களோடு கோச் தனியாகச் சாட் செய்யக் கூடாது, “டிப்ஸ் சொல்லுங்கண்ணா” என்று வந்தால்கூட. பொதுச் சேனலில் கேட்கச் சொல்லிவிடுங்கள். டீமில் சேர ஆசைப்படும் பையன் என்றால் அவன் வீட்டுப் பெரியவர் ஒருவரும் உங்கள் பக்கம் இன்னொருவரும் இருக்கும் உரையாடலில் பேசுங்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

பணம் தருகிறேன், ஸ்க்ரிம் எப்படிப் போகிறது, நாளைக்கு யார் ஆடுகிறார்கள் என்று மட்டும் சொல் என்று கேட்கும் மெசேஜ் வந்தால் அது ரசிகர் இல்லை. பதில் எழுதாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அன்றே நடத்துபவருக்கு அனுப்புங்கள். அதே போல் சாட்டில் பந்தய ஆப் விளம்பரம் போடச் சொல்லி வருவார்கள், தொகையும் ஆசை காட்டும்படி இருக்கும். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்கிறது. அதே சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை விளம்பரப்படுத்துபவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கொலை மிரட்டல், பிளேயரின் வீட்டு முகவரியைப் போடுவது போன்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930. மாடரேட்டர் அழிப்பதற்கு முன் மெசேஜும் ஐடியும் தேதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும், அழித்தபின் புகார் எடுபடாது.

கடைசியாக லேன் போட்டி, அதாவது எல்லா டீமும் ஒரே அரங்கில் நேரில் ஆடுவது. ஏரியா பசங்க முப்பது பேர் பைக்கில் வந்து பேண்டும் விசிலுமாக உட்காருவார்கள். கோச்சும் ரசிகரும் முகத்துக்கு முகம் பேசும் ஒரே இடம் அதுதான். பெரிய திரையில் எல்லா டீமும் தெரியும், யாராவது “பின்னாடி பாரு டா!” என்று கத்தினால் ஆட்டம் கெட்டுவிடும், நடத்துபவர் டீமை எச்சரிப்பார். பெரிய போட்டிகளில் பிளேயர்கள் காதுக்குள் ஒரு இயர்போனும் அதன் மேல் இரைச்சல் ஓடும் ஹெட்செட்டும் போட்டிருப்பார்கள். கல்லூரி ஆடிட்டோரியத்தில் நடக்கும் போட்டியில் அதெல்லாம் இருக்காது. எனவே உள்ளே போகும் முன் வாசலிலேயே, கூட்டத்தில் யார் பேச்சு எடுபடுமோ அந்த ஒருவரிடம் சொல்லுங்கள்: சத்தம் எல்லாம் ஃபினிஷ் திரையில் விழுந்த பிறகு. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். கேரம் கிளப்பில் போர்டைச் சுற்றி நிற்பவன் எந்தக் காயை அடிக்கலாம் என்று வாய் திறக்க மாட்டான் என்பது அங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அதே விதி இங்கேயும் என்று சொன்னால் போதும், அடுத்த வாக்கியம் தேவைப்படாது.

இடைவேளையில் ரசிகர்களிடம் போய் நில்லுங்கள், கைகுலுக்குங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிளேயர்களை அழைத்துப் போகாதீர்கள். கடைசி மேட்ச் முடிந்தபின் அவர்கள் வரட்டும். பிளானைப் பற்றி யார் கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை 7 மணி.

உங்கள் இப்போதைய நிலைமைக்கு: வெளியே போன அந்த டிராப்பை விட்டுவிடுங்கள், இந்தச் சுற்றுக்குப் பழைய இடத்திலேயே இறங்குங்கள். சாட்டில் நீங்கள் எழுதியதை அழிக்க வேண்டாம், எப்படியும் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். அழித்தால் அதுவே அடுத்த பேச்சு. அந்தப் பையனின் இன்ஸ்டாவில் கமென்ட்டை அவனே இரண்டு வாரத்துக்கு மட்டுப்படுத்தி வைக்கட்டும். வாட்ஸ்அப் குரூப் இருந்தால் சேனலின் லிங்க்கை அதில் போட்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்து மூடிவிடுங்கள். முதல் கேள்வி-பதில் லைவில் சாட் சண்டை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். “அன்னிக்கு நான் சாட்டுக்கு வந்திருக்கக் கூடாது, இனிமே மேட்ச் நாள்ல வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.